நிலம் கேட்கும் கருவி

சென்னைக்கருகே ஆவடியை அடுத்த சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யந்திரம் புதிய வஸ்துவன்று. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ஆம் ஆண்டில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த காலந்தொட்டு இரும்பும் எண்ணெயும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் ஜீவனத்தோடு பிணைந்துவிட்டன. ஆயினும் ஆலைச் சங்கின் ஒலி எட்டும் தூரத்திலேயே நெல் விளைந்த வயல்களும் இருந்தமையால், டிராக்டரும் எங்களுக்கு அதே அளவு பரிச்சயமாயிற்று. ஒரே டிராக்டர் கோடை உழவுக்குச் சட்டிக் கலப்பையையும், புழுதி உழவுக்குக் கொத்துக் கலப்பையையும், நடவுக்கு முன் சேறு கலக்கக் கூண்டுச் சக்கரத்தையும் பூண்டு வரும். வயல்கள் மனைகளாக மாறிய பிறகு அதுவே தண்ணீர் டேங்கரையும் செங்கல் ஏற்றிய டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடிற்று. வண்டியின் பின்னால் எதை, எந்தப் பருவத்தில் பூட்டுகிறோம் என்பதில்தான் உழவனுடைய விவேகம் அடங்கியிருக்கிறது என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டு வளர்ந்தோம்.

இன்று நான் குடியிருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிரான்ட்ஃபோர்ட் நகரத்தை ஒட்டிய கிராமப்புறத்தில். இங்கே வீட்டைச் சூழ்ந்த புல்தரை குடும்பத்தின் கௌரவத்தோடு சம்பந்தப்பட்டது. ஊராட்சியின் விதிகளுக்கும் உட்பட்டது. டொரான்டோ மாநகரில் புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரலாகாதென்று சட்டமே இருக்கிறது. ஏறக்குறைய ஒரு ஏக்கர் புல்தரையைக் கையால் தள்ளும் யந்திரத்தைக் கொண்டு பராமரிப்பது அசாத்தியமாகையால், சிறிய டிராக்டர் ஒன்றும் அதற்கேற்ற உபகரணங்களும் அவசியமாகின்றன.

நான் குடியேறிய இடத்துக்கும் சென்னைக்கும் டிராக்டர் வழியாகவே ஒரு பழைய பந்தம் உண்டு. 1847-இல் இந்த மாகாணத்தின் நியூகாஸில் என்னும் சிற்றூரில் டேனியல் மாஸி தொடங்கிய விவசாயக் கருவிப் பட்டறையும், பிரான்ட்ஃபோர்டில் வளர்ந்த ஹாரிஸ் கம்பெனியும் 1891-இல் இணைந்து மாஸி-ஹாரிஸ் ஆயின. 1953-இல் அதனோடு ஹாரி ஃபெர்குஸனின் ஸ்தாபனம் கலந்தது. 1958-இல் மாஸி ஃபெர்குஸன் என்ற பெயர் நிலைத்தது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் இந்தப் பெயர் தாங்கிய டிராக்டர்களைத்தான் செம்பியத்தில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. எங்கள் வயல்களில் சேறு கலக்கிய சிவப்பு வண்டியின் பூர்வீகத்தை இந்த ஊர்த் தெருக்களில் நான் சந்தித்தபோது, அந்நிய தேசம் என்ற எண்ணம் என் மனத்தில் பெரிதும் தளர்ந்தது.

அயர்லாந்தில் பிறந்த ஃபெர்குஸன் உலகத்துக்கு அளித்த பெருங்கொடை மூன்று முனை இணைப்பாகும். சங்கிலியால் வெறுமனே இழுக்கப்பட்ட கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டர் முன்புறம் எழுந்து பின்புறமாகக் கவிழும் அபாயம் அக்காலத்தில் இருந்தது. கீழே இரண்டு கரங்களாலும் மேலே ஒரு கம்பியாலும் கருவியைப் பிடித்து, எண்ணெயழுத்த விசையால் அதை ஏற்றி இறக்கி, கருவியின் பாரத்தையும் மண்ணின் எதிர்ப்பையும் பின்சக்கரங்களின் பிடிப்பாக மாற்றியதன் மூலம் அவர் டிராக்டரையும் கருவியையும் ஒரே சரீரமாக்கினார். 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் இடம்பெற்ற இந்த முறையே இன்று வீட்டுப் புல்தரைக்கென விற்கப்படும் சிறு டிராக்டர் வரையில் இறங்கி வந்திருக்கிறது. ஆகையால் வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இணைப்பு வண்டியில் இருக்கிறதா என்பதைத்தான். இணைப்பில்லாத, புல் வெட்டுவதற்கென்றே அமைந்த இலேசான வண்டிக்கு வெட்டுத்தட்டும், உரம் தூவியும், சிறு இழுவண்டியும் போதும். மண்ணைக் குடைந்து செல்லும் கனத்த கருவிகளை அதில் பூட்டினால் அதன் கியர்ப் பெட்டி சீக்கிரமே நலிந்துபோகும். முதல் வகை (கேட்டகரி 1) எனப்படும் அளவிலான மூன்று முனை இணைப்பும், நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுழலும் பின்புறத் தண்டும் உள்ள சிறு டிராக்டரோ பலவிதக் கருவிகளை ஏற்கும்.

அடுத்தது டயர். சேற்றில் புதையாமல் செல்ல ஆழ்ந்த வரிகள் உள்ள டயரே உத்தமம் என்பது நம்மூர் அனுபவம். அதே டயர் இங்கே திருப்பத்துக்குத் திருப்பம் புல்லைப் பெயர்த்தெறியும். அகன்ற, ஆழமற்ற வரிகளோடு கூடிய புல்தரை டயர் பாரத்தைப் பரப்பி, வேரை நசுக்காமல் காக்கிறது.

வெட்டுத்தட்டு வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்குவதும் உண்டு; பின்னால் பூட்டப்படுவதும் உண்டு. வயிற்றுத் தட்டு மேடு பள்ளங்களைச் சீராகத் தழுவிச் செல்லும். பின்தட்டைக் கழற்றி மாட்டுவது எளிது. எதுவாயினும் வெட்டும் உயரமே பிரதானம். இங்குள்ள கென்டக்கி புளூகிராஸும் ஃபெஸ்கியூவும் குளிர்ப்பிரதேசப் புற்கள். வெயிலேற வெயிலேறச் செழிக்கும் நம் அருகம்புல்லின் சுபாவம் அவற்றுக்கு இல்லை. ஆகையால் 7 அல்லது 8 சென்டிமீட்டர் உயரம் விட்டு, ஒரு தடவையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டினால், நிழலில் மண் குளிர்ந்திருக்கும்; வேரும் ஆழமாக இறங்கும். வெட்டிய பின் ஒரு இலையைக் கிள்ளி உற்றுப் பாருங்கள்: நுனி ஒரே கோடாக அறுபட்டிருந்தால் கத்தி கூராயிருக்கிறது, நார்நாராகக் கிழிந்து மறுநாள் வெளுத்துப் பழுத்தால் கத்தியைச் சாணை பிடிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது. வெட்டுண்ட துணுக்குகளை அப்படியே விட்டுவிட்டால் அவை மக்கி நைட்ரஜனை மண்ணுக்கே திருப்பித் தரும்.

கருவிகளுள் என் அபிமானத்துக்குரியது மண்துளைக் கருவி. களிமண் பூமி வண்டிகளின் பாரத்தாலும் மனிதர் நடமாட்டத்தாலும் இறுகி, காற்றும் நீரும் புகாமல் வேர்கள் திணறும். வெறும் ஆணிகளைக் குத்திச் செல்லும் கருவி சுற்றியுள்ள மண்ணை மேலும் நெருக்குமாதலால், குழல்போன்ற பற்களால் மண்ணைத் தக்கைதக்கையாகப் பிடுங்கி மேலே போடும் கருவியே தகுந்தது. ஒரு தக்கையைக் கையில் எடுத்துப் பிளந்தால் நிலத்தின் ஜாதகத்தையே வாசிக்கலாம்: மேலே பழுப்பான மக்கல் அடுக்கு, அதன் கீழ் வெண்மையான வேர்கள், வேர் எங்கே நின்றதோ அங்கே இறுகிய சாம்பல் நிறக் களி. தக்கைகளை அள்ளாமல் விட்டால் மழையில் தாமே கரைந்துவிடும். இந்த விஷயத்தில், ஆயுள் முழுதும் டிராக்டர் ஓட்டிய என் மாமா சேக்காட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னதே எனக்கு வேதம்: "ஈரம் காயறதுக்கு முன்னாடி வண்டிய எறக்காதப்பா, மண்ணு ஒருதரம் கெட்டிச்சா ஒன் காலத்துல எளகாது." பனி உருகிய வசந்தகாலச் சகதிக்கு அந்த வாக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

மக்கல் அடுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால்தான் அதை வாரியெடுக்கும் கம்பிச் சீப்பு வேண்டும். வருஷந்தோறும் வாருவது நல்ல புல்லையும் பிடுங்கும். துளையிட்ட கையோடு, ஆகஸ்டு இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள், தூவியைப் பூட்டி விதையையும் சலித்த மக்கு உரத்தையும் இறைத்தால், நிலம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கையிலேயே முளை கிளம்பும். விதையைப் பாதி நீளவாக்கிலும் பாதி குறுக்குவாக்கிலும் தூவினால் திட்டு விழாது. களைக்கொல்லித் தெளிப்பானை விலை கொடுத்து வாங்குவதில் பிரயோஜனம் அதிகமில்லை. அழகுக்காகப் புல்தரையில் ரசாயனக் களைக்கொல்லி தெளிப்பதை இம்மாகாணம் 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்துவிட்டது. அடர்த்தியாக வளர்ந்த புல்லே களைக்கு எதிரி என்ற பழைய தர்மத்தைச் சட்டம் நமக்கு மீண்டும் கற்பிக்கிறது. உருளையோ, உறைபனி தூக்கிவிட்ட மேடுகளை இலேசாகப் படியவைப்பதற்கு மட்டுமே உதவும். மிஞ்சினால் துளைக் கருவி செய்த நன்மையை அது அழித்துவிடும். புல் உறங்கும் மாதங்களில் அதே வண்டியில் பனி வாரும் யந்திரத்தைப் பூட்டுவதால் செலவழித்த பணத்துக்கும் நியாயம் கிடைக்கிறது.

புதிதாக இங்கே வீடு வாங்கும் நம்மவர்களுக்கு நான் மனமாரச் சொல்லும் கிரமம் இதுதான்: முதலில் கூரிய வெட்டுத்தட்டும் புல்தரை டயரும், பிறகு தூவி; துளைக் கருவியும் சீப்பும் வேண்டும்போது வாடகைக்கு. கடைக்காரருடைய விலைப்பட்டியலைப் பிரிப்பதற்கு முன் மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்துப் பார்த்துவிடுங்கள். எந்தக் கருவி அவசியம், எது வீண் செலவு என்பதை அந்தக் கட்டியே சொல்லிவிடும். பிழைப்புக்காக வந்த தேசத்தில் சட்டத்தையும் பாஷையையும் கற்பதோடு நம் கடமை நின்றுவிடுவதில்லை; காலடியிலுள்ள மண்ணின் சுபாவத்தை அறிந்து, அதை நாம் பெற்றதைவிட வளமாக அடுத்தவர் கையில் ஒப்படைப்பவனே அந்த மண்ணுக்கு உரிமையுள்ள குடியாகிறான் என்பது என் திடமான நம்பிக்கை.