எருமைக்குக் கட்டிய தலைத்துண்டு

ஓய்வு வேளைகளில் சிறு நோட்டுப் புத்தகத்தில் விலங்குகளை வரைவது நமது வழக்கம். மூக்குக்கண்ணாடி அணிந்த ஆந்தை, குடை பிடித்த உடும்பு, மலாய்க் கதைகளில் யுக்திக்குப் பேர்போன சருகுமான் ஆகியவையே நம் தோழர்கள். நாள் முழுதும் பேரேட்டு எண்களோடு மாரடிக்கும் கிராணிக்கு வேறு ஆறுதல் ஏது?

ஒருநாள், சிவப்புத் தலைத்துண்டு கட்டிச் செம்பனைக் குலை சுமக்கும் எருமை ஒன்றை வரைந்தோம். அதைக் கண்ட தோட்டத்துச் சிறுமி, "கிராணி ஐயா, இது எங்க அப்பாதானே?" என்றாள். நாம் வாயடைத்துப் போனோம். எவர் தோளின் உழைப்பால் நாமும் உண்கிறோமோ, அவரையன்றோ எள்ளி நகைத்தோம்!

இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1893ஆம் ஆண்டில் நோயுற்ற சிறுவன் ஒருவனுக்கு எழுதிய படக்கடிதத்தில் பிறந்த முயல், 1902இல் நீலச் சட்டையுடன் புத்தகத்தில் ஏறிற்று. விலங்குக்குச் சட்டை அணிவிப்பது அன்பு; உழைப்பவனுக்குக் கொம்பு வைப்பது ஆணவம்.

அப்பக்கத்தைக் கிழித்தெறிந்தோம். மறுநாள் அச்சிறுமிக்குப் புத்தகப்பை சுமந்த சருகுமானை வரைந்தோம். அவள் விரும்பியபடி, பக்கத்தில் அவள் தந்தையை மனிதராகவே வரைந்தோம். நித்தம் பெயர் கூப்பிடும்போது கண்ட முகந்தான். ஆயினும் அது சரியாக வருவதற்குள் நான்கு முறை அழிக்க நேர்ந்தது.