யார் சொன்னது?

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் சுவர்ப் பத்திரிகை தயாரிக்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளை எதை எழுதினாலும் கடைசி வரி ஒன்றுதான்: “எனவே நாம் அனைவரும் நீரைச் சேமிப்போம்.” முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மதிப்பெண்ணுக்கு எழுதிப் பழகிய கைக்கு, இன்று தெருக்குழாயில் தண்ணீர் வந்ததா என்று எழுத வருவதில்லை. அந்த முடிவுரையை உதிர்ப்பதுதான் முதல் பாடம்.

அதற்காக அட்டையில் பெரிய பகடை ஒன்று ஒட்டி வைத்திருக்கிறோம். ஆறு பக்கத்திலும் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. விழுகிற கேள்வியை எதிரில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். ஒருநாள் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் அண்ணனையே கூட்டிவந்து உட்கார வைத்தோம். ‘ஏன்’ விழுந்தது. “எங்க தெருவுக்கு மட்டும் ஏண்ணே லேட்டா வருது?” என்றாள் ஒரு சிறுமி. மேட்டுத்தெரு என்பதால் தண்ணீர் ஏற நேரமாகும், மோட்டாரும் பழசு என்று அவர் சாக்பீஸால் தரையில் குழாய்களை வரைந்தே காட்டினார். அடுத்து ‘எப்போது’. மோட்டார் வாங்கியது எப்போது? அவருக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். “மோட்டார் எப்போது வாங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை” என்றே செய்தியை முடித்தார்கள். அறிவுரை எழுத இடமே இல்லாமல் போயிற்று!

இன்னொரு விளையாட்டு, அட்டையில் சதுரமாக வெட்டிய ஓட்டை. அதுதான் எங்கள் கேமரா. சந்தையில் அதைக் குப்பைமேட்டுக்கு நேரே பிடித்தால் ஒரு ஊர், பூக்கடைப் பக்கம் திருப்பினால் வேறொரு ஊர்.

பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டிய செய்தி மழை விடுமுறைதான். போன மழைக்காலத்தில் நாளை பள்ளி விடுமுறை என்ற அறிவிப்பின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். ஓரத்தில் முந்தின ஆண்டின் தேதி. ஆட்சியர் இன்று அறிவித்தாரா என்று தேடினான், இல்லை. மறுநாள் பள்ளி இருந்தது. நண்பர்கள் அவனை இன்னும் மன்னிக்கவில்லை. என்னைக் கேட்டால், பெரியவர்கள் குழுக்களில் இப்படி ஒருவன் இருந்தால் எவ்வளவோ நிம்மதி.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. போலந்தின் வார்சாவில் மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் 1926-இல் பிள்ளைகளே எழுதும் வார இதழைத் தொடங்கினார். ஒரு நாளிதழின் இணைப்பாக 1939-இல் போர் மூளும்வரை வந்தது. தில்லியில் தெருவோரப் பிள்ளைகள் 2003-இலிருந்து ‘பாலக்நாமா’ என்ற செய்தித்தாளை நடத்துகிறார்கள். இரண்டிலும் பெரியவர்கள் செய்த பெரிய காரியம், பிள்ளைகள் கொண்டுவந்ததைச் செய்தியாக மதித்ததுதான். அழகாக எழுதச் சொல்லித்தருவது அதற்குப் பிறகு.

இப்போது ஒரே செய்திக்கு இரண்டு பத்திரிகைகள் எப்படித் தலைப்பு வைக்கின்றன என்று வெட்டி ஒட்டிப் பார்க்கிறோம். உங்கள் வீட்டில் பழைய பேப்பர் சேர்ந்திருந்தால் எடைக்குப் போடுமுன் பக்கத்து நூலகத்துக்கோ பள்ளிக்கோ ஒரு கட்டு கொடுங்கள். ஒரே தேதியிட்ட வெவ்வேறு பத்திரிகைகளாக இருந்தால் இன்னும் நல்லது.