எதிர்வீட்டுக் கேமராவும் ஒரு பெர்மிட்டும்

அன்புள்ள கமலா,

இப்போது ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட் முழுக்க ஒரே பேச்சு, எதிர்வீட்டு அக்கா வாசலில் மாட்டியிருக்கும் கேமராதான். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் கையில் என்ன பை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. மூன்றாம் மாடிப் பையன் லாக்சா கடைக்கு யாரோடு போனான் என்பது, பெற்றவளுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன, செய்தி மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது!

எல்லாரையும் அரசு கண்காணிக்கும் கதையான ஆர்வெல்லின் ‘1984’ நாவலை உன் மகள் படித்துவிட்டு, “இதெல்லாம் நம்ம ஊரிலும் வருமா ஆன்ட்டி?” என்று கேட்டாள். கேமராவைச் சொல்கிறாள் என்றால், வந்தே ஆயிற்று. முகத்தை அடையாளம் காணும் கேமராவை 2019 ஜனவரியில் மலேசியாவிலேயே முதலில் கொண்டு வந்தது நம் பினாங்குதான். கைப்பையைப் பறிகொடுத்தவளைக் கேட்டால் இன்னும் நாலு வை என்பாள். நானும் அதற்கு அவ்வளவாகப் பயப்படவில்லை. எனக்குப் பயமெல்லாம் பத்திரிகை பெர்மிட்டைப் பார்த்துத்தான்.

அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் எந்த வருஷம் வந்தது தெரியுமாடி? 1984! பத்திரிகை நடத்த அமைச்சின் பெர்மிட் வேண்டும், முன்பு வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. அமைச்சர் மறுத்தால் கோர்ட்டுக்கும் போக முடியாமல் இருந்தது. 2012-ல்தான் இந்த இரண்டையும் தளர்த்தினார்கள். பெர்மிட் மட்டும் இன்னும் இருக்கிறது. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட்டு, மூன்று பத்திரிகைகளை மூடினார்களே, அதில் ஒன்றான ‘தி ஸ்டார்’ நம் ஜார்ஜ்டவுனில் பிறந்தது.

நம் தமிழ்ப் பத்திரிகை கதையும் உண்டு. ‘மக்கள் ஓசை’ 2007 ஆகஸ்டில் இயேசு சிகரெட்டும் பீரும் வைத்திருப்பதுபோல ஒரு படத்தைப் போட்டுவிட்டது. தவறுதான், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் ஒரு மாதம் பத்திரிகை நின்றது. 2008 மார்ச் தேர்தலில் எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு நிறைய இடம் கொடுத்தார்கள். ஏப்ரலில் பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்த பிறகு திரும்பக் கிடைத்தது. கிடைத்தது சரி. அடுத்த வருஷமும் அதே கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்த ஆசிரியர், முதல் பக்கத் தலைப்பை எப்படி வைத்திருப்பார்? அவரைக் கண்காணிக்கக் கேமரா எதற்கு? தன் பேனாவை அவரே அடக்கிக்கொள்வார். ஆர்வெல் கதையில் இதற்கு ஒரு போலீஸ் படையே தேவைப்பட்டது.

இன்னொரு விஷயம். ஆர்வெல் அந்த நாவலை எழுதி முடித்த 1948-ல்தான், அவருடைய நாட்டுக்காரர்கள் மலாயாவுக்கு தேச நிந்தனைச் சட்டத்தைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டம் போகவில்லை. கார்ட்டூனிஸ்ட் சூனார் மீது 2015-ல் அந்தச் சட்டத்தில் ஒன்பது குற்றச்சாட்டுகள். மறுவருஷம் நவம்பரில் ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவில் அவர் கண்காட்சிக்குள் ஒரு கூட்டம் புகுந்து ரகளை செய்தது. பிறகு போலீஸ் பிடித்துக்கொண்டு போனது யாரை என்கிறாய்? சூனாரைத்தான்!

எனக்கு ஆறாத கோபம் ‘மார்ச் 8’ புத்தகத்தைத் தடை செய்ததில்தான். 2001 மார்ச்சில் கம்போங் மேடான் கலவரத்தில் ஆறு உயிர் போனது, பெரும்பாலும் நம்மவர்கள். ஆறுமுகம் என்பவர் அதைத் தமிழில் புத்தகமாக எழுதினார். 2006-ல் தடை. கோர்ட்டுக்குப் போனார், மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார். கலவரத்தைப் பற்றித் தமிழில் படித்தால் பொது ஒழுங்கு கெட்டுவிடுமாம். செத்தவர் வீட்டில் இதை யார் போய்ச் சொல்வது?

உன் மகளிடம் சொல்: நாவலை முடித்த கையோடு அந்த 1984 சட்டத்தின் எட்டாம் பிரிவையும் படிக்கட்டும். தடை செய்த புத்தகம் தகுந்த காரணமில்லாமல் கையில் இருந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம்.

அன்புடன்,
உன் சாந்தி