நடுவில் இருந்த தங்கச்சி

கதை எழுதுகிற நண்பர்கள் காதலர்களின் முதற் சந்திப்புக்குக் கடற்கரையையோ நூலகத்தையோ தேடிப் போகிறார்கள். எங்களுக்கு வாய்த்தது கல்முனையில் ஓர் அலுவலகத்தின் விறாந்தையில் கிடந்த வாங்கு. 2005 ஆம் ஆண்டு. தொண்டர் ஆசிரியர்களுக்கான படிவமொன்றைக் கொடுக்கப் போயிருந்தோம். ஒரு முனையில் அவள், மறு முனையில் நான், நடுவில் அவளது பதினொரு வயதுத் தங்கச்சி. மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். நான் வாங்கி வந்த மூன்று பிளேன்ரீயில் இரண்டைத் தங்கச்சியே குடித்து முடித்தாள்.

அதற்கு முன்பே முகம் தெரியும். சுனாமிக்குப் பிறகு மருதமுனையில் கூடாரத்துக்குள் நடந்த வகுப்புகளில் இருவரும் படிப்பித்தோம். எனது ஊர் சம்மாந்துறைப் பக்கம், வயலோரம். 2004 டிசம்பர் 26 இல் கடல் எங்களைத் தொடவில்லை. அந்தக் கூச்சத்துடன்தான் நாளாந்தம் சைக்கிள் மிதித்துப் போனேன். அவளது வாப்பா நெசவாளர். தறிகளும், சாரனுக்கு வாங்கி வைத்த நூலும், வீடும் போயின. உம்மாவும் போய்விட்டா. இதை அந்த வாங்கில் வைத்துத்தான், தங்கச்சி தண்ணீர் குடிக்க எழும்பிப் போன நேரத்தில், சொன்னாள். நான் என்ன பதில் சொன்னேனென்று நினைவில்லை. படிவத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கியதுதான் நினைவிருக்கிறது.

கிழக்கில் பெண்ணுக்கு வீடு வைத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பதென்பதை இந்தச் சஞ்சிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் விருப்பத்தைச் சொன்னபோது உம்மா கேட்ட முதற் கேள்வி, "வீடு வளவு எங்க மகன்?" என்பதுதான். உம்மா பொல்லாதவ அல்ல. எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். அவர்களுக்கும் கல்வீடு எழுப்ப வேண்டும். அந்தக் கணக்கிலேயே உம்மாவின் நித்திரை போய்க்கொண்டிருந்தது.

கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென்று கிழக்கில் அப்போது விதித்திருந்தார்கள். பிறகு அது தளர்ந்தது. 2007 இல் அவளது வாப்பாவுக்கு 500 சதுர அடியில் ஒரு நன்கொடை வீடு கிடைத்தது. செய்தி எங்களூருக்கும் வந்தது. உம்மா இறங்கி வந்தா. "அந்த வீட்டப் புள்ளட பேருக்கு எழுதச் சொல்லு. நான் வந்து பேசுறன்."

எனக்கு வெற்றி பெற்ற மாதிரி. அன்று சைக்கிள் எப்படி ஓடியதென்றே தெரியாது. பாடசாலை வாசலில் வைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"சேர், என்ட பேருக்கு எழுதினாத் தங்கச்சிக்கு எந்த வீடு?"

"நானிருக்கன்தானே."

"உங்கட தங்கச்சிமாருக்குக் கட்டி முடிக்கவே பத்து வருஷம் போகும் எண்டு நீங்கதானே சொன்ன?"

அப்போது நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியிலிருந்தேன். அங்கே கையெழுத்துச் சஞ்சிகையில் சீதனத்துக்கெதிராக நானெழுதிய கவிதையை ஒலிவாங்கியில் வாசித்துப் பாராட்டியிருந்தார்கள். அதே கிழமையில்தான் தாயில்லாத ஒரு பிள்ளையின் வீட்டைக் கேட்டுப் போய் நின்றேன். நான்கு மாதம் அவளுடன் பேச முகமில்லை. அவளும் பேசவில்லை.

ஒரு பகற் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். "வீடு வேணாம் உம்மா. வாடகைக்கு இருப்பம்."

"வாடகை வீட்டு மாப்பிள்ளையா? அப்ப உன்ட தங்கச்சிமார எவன் வீடில்லாம எடுப்பான்?"

என்னிடம் பதிலிருக்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் தங்கச்சிமார் இருவருக்கும் பிற்பாடு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுத்தோம். என் வாதமெல்லாம் என் கல்யாணத்தோடு நின்றுபோனது.

அன்று பேசியவர் வாப்பா. வயலையும் மாட்டையும் தவிர வேறெதிலும் வாய் திறக்காத மனிசன். சோற்றைப் பிசைந்தபடியே, "மஹர் குடுக்கப் போறவன் இவன். குடுக்கிறவன் என்னத்துக்குக் கேட்டு நிக்கிற?" என்றார். அவ்வளவுதான். உம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டா.

2008 இல் ஓர் அஸருக்குப் பிறகு நிச்சயம். எங்கள் பெண்கள் வேனில் போனார்கள். நான் போகவில்லை, போகும் வழக்கமுமில்லை. நடந்ததை ராத்தா வந்து சொன்னா. உம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு பாயில் இருந்திருக்கிறா. தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி, தட்டத்தை வைத்துவிட்டு, உம்மாவுக்கும் தன் ராத்தாவுக்கும் நடுவில் வந்து குந்திக்கொண்டாளாம். அப்போது பதினாலு வயது. உம்மாவின் கண் பழக்கதோசத்தில் சுவரை அளந்திருக்கிறது.

"இந்த அறை பத்துக்குப் பத்து வருமா புள்ள?"

"ஒம்பதுக்குப் பத்து மாமி. இது என்ட அறை."

உம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாவாம். பிறகு தட்டத்திலிருந்த தொதல் துண்டைப் பிட்டு அவளிடம் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் மோதிரத்தை எடுத்தாவாம்.