நான் விட்ட ஒரு வரி

எங்க அண்ணன் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை மூல நிரலிலிருந்தே கட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான் வந்தது. "டெஸ்க்டாப் வேணும்னா முதல்ல எக்ஸ்.ஆர்க் போடணும்" என்றான். நான் பட்டியலை வாசிக்க வாசிக்க அவன் ஒவ்வொன்றாகப் போட்டான். தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். தெரிந்தும் சொல்லவில்லை.

மறுநாள் 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று அடித்தோம். திரையில் கடிகாரம் வந்தது! முள்ளும் நகர்ந்தது. ஆனால் மவுஸ் அசையவில்லை, கீபோர்டும் வேலை செய்யவில்லை. அண்ணன் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். அம்மா, "எடைக்குப் போட்டுடு" என்றார்.

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். நான் விட்டது மவுஸும் கீபோர்டும் வேலை செய்ய வேண்டிய 'லிப்இன்புட்' டிரைவர். அண்ணன் திட்டவில்லை. "இப்ப நீயே போடு" என்றான். போட்டேன். அம்பு நகர்ந்தது!

தோழிகளே, தப்பை அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.