ஞாபகமில்லாத கடிதம்

போன வருஷம் ஐப்பசியில் கவிஞ நண்பர் ஒருவர் என் முன்னால் மூன்று தாள்களை வைத்தார். "இது உம்ம கையெழுத்துதானய்யா?" என்றார். என் கையெழுத்துதான். 'ழ'வின் வாலை நீட்டி இழுக்கும் கெட்ட பழக்கம்கூட அப்படியே இருந்தது. அவருடைய கவிதைகளைப் பற்றி அவருக்கே நான் எழுதிய கடிதம். அதில் ஒரு வாக்கியம்கூட எனக்கு ஞாபகமில்லை. எழுதிய இரவும் ஞாபகமில்லை. உறையில் இட்டு, ஒட்டி, விலாசம் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன்; காலையில் என் மனைவி மற்ற தபால்களோடு சேர்த்துப் போட்டுவிட்டாள்.

அதே வருஷம் சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் காஷ் எண்ணி முடித்தபோது ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. நூறு நோட்டுகள்; 50,000 ரூபாய். கவுண்டரில் இருப்பவன் கையிலிருந்து கட்ட வேண்டும். வளையல்களை அடகு வைத்துக் கட்டினேன். அதற்குப்பின் தூக்கம் போயிற்று. டாக்டர் அல்பிரஸோலம் 0.5 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதமாக நீட்டியது நான். ஒன்று இரண்டாயிற்று. போட்டுக்கொண்டவுடன் படுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மேஜைக்குப் போனேன். பத்து மணிக்குமேல்தான் எனக்கு எழுத வரும்.

கடிதத்தைக் கண்ட பிறகுதான் இந்த மாத்திரை என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். நரம்புச் செல்களை அடக்கி வைக்கும் மூளை ரசாயனம் காபா. அல்பிரஸோலமும், அதன் இனத்தில் மூத்தவையான லிப்ரியம் (1960), வேலியம் (1963) ஆகியவையும், காபா வந்து ஒட்டும் ஏற்பியிலேயே வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு காபாவின் வேலையைக் கூட்டிவிடுகின்றன. குளோரைடு அயனிகள் செல்லுக்குள் அதிகம் புகுகின்றன. செல் எளிதில் தூண்டப்படுவதில்லை. பயம் அடங்குவது இதனால்தான். ஞாபகம் கெடுவதும் இதனால்தான். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு நரம்புப் பாதையை வேகமாகத் தொடர்ந்து தூண்டினால் அதன் இணைப்புகள் வலுப்பெற்று மணிக்கணக்கில் அப்படியே நிற்கின்றன என்பதை பிளிஸ், லோமோ இருவரும் 1973இல் முயலின் மூளையில் காட்டினார்கள். அனுபவம் ஞாபகமாவதற்கு இது ஓர் அடிப்படை என்று கொள்ளப்படுகிறது. தூண்டுதலே மட்டுப்பட்ட மூளையில் இது சரிவர நடப்பதில்லை. பழையவை இருக்கும்: இலக்கணம் இருக்கும், கோபம் இருக்கும், நண்பரின் விலாசம் இருக்கும். அன்றைய இரவு மட்டும் சேராது.

கல்லூரியில் டி குவின்ஸியைப் படித்தபோது பரவசப்பட்டவன் நான். பல்வலிக்கும் முகவலிக்கும் 1804இல் அபினியைத் தொட்டு, ஆயுள் முழுக்க அதனோடு மல்லாடியவர். மூளை என்பது எழுத்தின்மேல் எழுத்தாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட தோற்சுவடி, எதுவும் அழிவதில்லை, ஜுரமோ அபினியோ மரணமோ வந்தால் அடியிலிருப்பது மேலே வரும் என்று 1845இல் எழுதினார். இலக்கியவாதிகளாகிய நாம் எல்லோருமே உள்ளூர இந்தக் கட்சிதான். நனவிலி, ஆழ்மனம் என்று நாம் பேசுகிற பேச்சில் ஞாபகம் ஒரு நிலவறை. கலைஞனிடம் விளக்கு இருக்கிறது. என் கடிதத்தைப் பொறுத்தவரை இது பொய். அந்த இரவு என் மூளையில் எழுதப்பட்டு அழிந்துபோனதல்ல. எழுதப்படவே இல்லை. எந்த விளக்கைக் கொண்டுபோனாலும் அங்கே தோண்டியெடுக்க ஒன்றுமில்லை. அந்த இரவு நண்பரின் கையிலிருந்த மூன்று தாள்களில் மட்டும் இருக்கிறது.

ஆனால் காஷ் குறைந்த சாயங்காலம்? மேலே சுற்றிய விசிறியின் சத்தம், ரப்பர் ஸ்டாம்ப் மையின் வாசனை, மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதம் எல்லாம் இருக்கின்றன. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியும் அவரது சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதை ஓரளவு விளக்கிற்று. எலிகளை நாளைக்கு இரண்டு மணி நேரம், பத்து நாள், அசையவிடாமல் அடைத்து வைத்தார்கள். ஹிப்போகாம்பஸின் செல்களில் கிளைகள் சுருங்கின. பயத்தோடு சம்பந்தப்பட்ட அமிக்டலாவின் செல்களிலோ கிளைகள் வளர்ந்தன. எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டபோது சுருங்கியது மீண்டது; வளர்ந்தது அப்படியே நின்றது என்று 2004இல் எழுதினார்கள். எலி நானில்லை. இருந்தாலும் ஒரே நெருக்கடி ஒரு தலைக்குள் ஓரிடத்தில் கிளையைச் சுருக்கி இன்னோரிடத்தில் கிளையை வளர்க்கும் என்பதைப் படித்தபோது, யாரோ என் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.

இனி கடிதத்துக்கு வருகிறேன். அதில் இப்படி எழுதியிருந்தேன்: "இறந்துபோன தாயாரை வைத்துப் பத்து வருஷமாகக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறீர். துக்கம் எப்போதோ தீர்ந்துவிட்டது. சொற்கள் மட்டும் திவசம் செய்கின்றன." இதே கவிதைகளை நான் அச்சில் இரண்டு முறை பாராட்டியிருக்கிறேன்.

முதலில் மாத்திரையின்மேல் பழியைப் போடப் பார்த்தேன். வசதியான சாட்சி, வாய் திறக்காது. பிறகு அதற்கு நேரெதிரான ஆசை வந்தது: கட்டு அவிழ்ந்த நிலையில் வந்ததால் இதுதான் என் நேர்மையான விமர்சனம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. இதுவும் மோசடிதான். தடை விலகியதும் வருவது உண்மையாகத்தான் இருக்கும் என்பது சர்ரியலிஸ்டுகளிடமிருந்து நாம் யோசிக்காமல் கடன் வாங்கிய நம்பிக்கை. தடைகளில் பாதி கோழைத்தனம், பாதி பரிவு. மாத்திரைக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. பிரிப்பது விமர்சகனின் வேலை; அச்சில் பாராட்டிய இரண்டு தடவையும் அந்த வேலையை நான் செய்யவில்லை. முழுப் பிரக்ஞையோடு அப்போது சொல்லாததைப் பிரக்ஞை தப்பிய இரவில் சொல்லியிருக்கிறேன். இதில் ரசாயனத்தின் பங்கு கொஞ்சம். மீதி என்னுடையது.

மாத்திரையை டாக்டர் சொன்னபடி சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்த இரண்டு மாதம் பிடித்தது. சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம் என்று எச்சரித்திருந்தார். நிறுத்திய பிறகு நண்பரின் வீட்டுக்குப் போனேன். அந்தக் கவிதைகளை மறுபடி பகலில் உட்கார்ந்து படித்திருந்தேன். பன்னிரண்டில் நான்கு கவிதைகளில் துக்கம் உயிரோடு இருக்கிறது என்றும், மற்றவற்றைப் பற்றிக் கடிதத்தில் இருப்பதைத்தான் இப்போதும் நினைக்கிறேன் என்றும், அதைச் சொன்ன விதத்துக்காக வெட்கப்படுகிறேன் என்றும் சொன்னேன். எந்த நான்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடிதத்தைத் திருப்பித் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். "உமக்கு ஞாபகமில்ல, சரி. எனக்கு இருக்கே" என்றார்.

அவர் அதைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் ஞாபகம் கொஞ்சம் மாறும். நினைவுகூரப்பட்ட ஞாபகம் தற்காலிகமாக இளகி மறுபடி இறுகுகிறது என்பதை நேடரும் சகாக்களும் 2000இல் எலிகளிடம் காட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் மாறும் என்பது அவர் கையில் இருக்கிறது. என் தரப்பில் நான் செய்யக்கூடியது, அடுத்த மதிப்புரையைப் பகலில் எழுதுவது.