"3 மாசம் விளையாடக் கூடாது"ன்னு நான் எழுதிக் கொடுத்த சீட்டு

1/ பள்ளியில் விளையாடுற பிள்ளை உங்க வீட்டுல இருந்தா இந்த த்ரெட்டை கடைசி வரைக்கும் படிங்க. பி.டி. ஆசிரியர்களும் படிக்கணும்னு ஆசை. நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2/ ஐயங்கார்குளம், காஞ்சிபுரத்தை ஒட்டின ஊர். சித்ரா பௌர்ணமி அன்னைக்கு வரதராஜப் பெருமாள் எழுந்தருளுற நடவாவி கிணறு அங்கதான் இருக்கு. சில வருஷம் முன்னாடி அந்த ஊர்ல இருந்து ஒரு அம்மா தன்னோட 12 வயசுப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. கபடி ஆடுற பொண்ணு. முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்சிருந்தது, தொட்டாலே வலி. படி இறங்கினா வலி, மண்டி போட்டா வலி.

3/ பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு. பேரு ஆஸ்குட்-ஷ்லாட்டர். பேருதான் பயமா இருக்கும், ஆபத்தான நோய் இல்லை. ஓ.பி.ல கூட்டம். "3 மாசம் விளையாடக் கூடாது"ன்னு எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். 2 நிமிஷம்கூட ஆகியிருக்காது.

4/ அப்புறம் 3 வருஷம் கழிச்சு காய்ச்சலுக்கு வந்தா அதே பொண்ணு. "கபடி எப்படி போகுது பாப்பா?"ன்னு கேட்டேன். அவ பேசல. அம்மாதான் சொன்னாங்க: "நீங்க தானே சார் வாணாம்னு சொன்னீங்க. அதோட நிறுத்திட்டோம்."

5/ நான் எழுதினது 3 மாசம். வீட்டுல அது "இனிமே வேண்டாம்"னு ஆயிடுச்சு. பையனா இருந்தா 3 மாசத்துல அவனே ஓடிப் போயிருப்பான். பொம்பளைப் பிள்ளைக்கு விளையாட்டை நிறுத்த ஒரு காரணம் கிடைச்சா போதும், திரும்ப ஆரம்பிக்க யாரும் காரணம் தேட மாட்டாங்க. அந்தக் காரணத்தை என் கையெழுத்துல நானே கொடுத்திருக்கேன்.

6/ சரி, அந்த வலி ஏன் வருது? தொடையோட முன்பக்கத் தசை, முட்டிச் சில்லு வழியா வந்து கீழ்க்கால் எலும்போட மேல்பகுதியில ஒட்டுது. வளர்ற பிள்ளைகளுக்கு அந்த ஒட்டுற இடம் இன்னும் முழு எலும்பா ஆகியிருக்காது, குருத்தெலும்பா இருக்கும். திடீர்னு உயரம் கூடுற வயசுல எலும்பு வேகமா நீளும், தசை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காம இறுகும். அந்த நேரத்துல நிறைய ஓடி, தாவி, உட்கார்ந்து எழுந்தா அந்த இடத்தைத் தசை பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். அதான் வலி, அதான் புடைப்பு.

7/ வளர்ச்சி முடிஞ்சா பெரும்பாலும் தானா அடங்கிடும். அதுவரைக்கும் செய்ய வேண்டியது முழு ஓய்வு இல்லை, சுமையைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கணும்? ஆடும்போது லேசான வலி, மறுநாள் காலையில அது இல்லைன்னா அந்த அளவு சரி. மறுநாளும் வலிச்சா நேத்து அதிகமா ஆடியாச்சுன்னு அர்த்தம். இதைத்தான் நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும்.

8/ போன வருஷம் அதே வலியோட 13 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். இந்தத் தடவை கூட வந்தது அவனோட பி.டி. சார். "சார், இந்த வருஷம் இவன் 4-வது ஆளு, எல்லாருக்கும் முட்டிதான்"னார். 4 பேருக்கு ஒரே வலின்னா முட்டியை மட்டும் பார்த்தா பத்தாது, பயிற்சியைப் பார்க்கணும். உட்கார வெச்சு கேட்டேன்.

9/ அவர் சொன்னது பல பள்ளிகள்ல நடக்கிறதுதான். ஜூன்ல இருந்து வாரத்துக்கு 2 பீரியட், அதுல ஒண்ணை கணக்கு சார் வாங்கிடுவார். குறுவட்டப் போட்டிக்குத் தேதி வந்ததும் தினமும் 2 மணி நேரம் பயிற்சி. கிரவுண்டை 10 சுத்து, உடனே மேட்ச். நூத்துக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் ஒருத்தர்தான். அவர் மேல தப்பு சொல்ல எனக்கு வாய் வரல.

10/ ஆனா உடம்புக்குக் காரணம் புரியாது, கணக்கு மட்டும்தான் புரியும். வாரத்துக்கு 1 மணி நேரத்துல இருந்து திடீர்னு 12 மணி நேரம்னா வளர்ற எலும்பு தாங்காது. நாங்க ரெண்டு பேரும் ஒரு பேப்பர்ல திட்டம் எழுதினோம். காசு செலவு எதுவும் இல்லை. அதை அப்படியே தர்றேன்.

11/ முதல் விஷயம், மெதுவா ஏத்தணும். போட்டிக்கு ஒரு மாசம் முன்னாடி இல்லை, பள்ளி திறந்த வாரத்துல இருந்தே வாரம் 3 நாள், 40 நிமிஷம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். வாரத்துல ஒரு நாளாவது முழு லீவு.

12/ ரெண்டாவது, வார்ம்-அப். கிரவுண்டை 10 சுத்து ஓடுறது வார்ம்-அப் இல்லை. ஃபிஃபா 11+ னு ஒண்ணு இருக்கு. கால்பந்துக்காகச் செஞ்சது, 20 நிமிஷம்தான்: மெதுவா ஓட்டம், ஒத்தைக் கால்ல நிக்கிறது, பிளாங்க், குதிச்சு முட்டி உள்ள மடங்காம தரை இறங்குறது. நார்வேல 13-17 வயசுப் பெண்களை வெச்சு செஞ்ச ஆய்வு 2008-ல வந்தது. இதைச் செஞ்ச அணிகள்ல காயம் ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. முட்டியில ஏ.சி.எல். கிழியுறது ஆண் பிள்ளைகளை விட பெண் பிள்ளைகளுக்கு அதிகம். கபடி ஆடுற பொண்ணுங்களுக்கு இது கட்டாயம் வேணும்.

13/ மூணாவது, ஒரே மாதிரி 50 தடவை செய்ய வைக்காதீங்க. 1978-ல ஒரு சோதனை. 8 வயசுப் பிள்ளைகளை ரெண்டு குழுவா பிரிச்சு சின்ன மூட்டையை இலக்குல எறிய வெச்சாங்க. ஒரு குழு 3 அடியில மட்டும் பழகுச்சு. இன்னொண்ணு 2 அடியிலயும் 4 அடியிலயும் பழகுச்சு, 3 அடி பக்கமே போகல. கடைசியில 3 அடியில பரீட்சை. ஜெயிச்சது ரெண்டாவது குழு!

14/ சின்ன சோதனைதான். ஆனா கலந்து பழகினா நல்லா நிக்கும்னு பிறகு வந்த ஆய்வுகள் பலதும் சொல்லுது. பயிற்சி நேரத்துல தடுமாறுவாங்க, பார்க்க அழகா இருக்காது. ஆனா கத்துக்கிட்டது மறக்காது. கபடின்னா ஒரு ரெய்டு போனஸ் கோட்டுக்கு, அடுத்தது கை நீட்டித் தொட, அடுத்தது கணுக்கால் பிடியில இருந்து தப்பிக்க. மாத்தி மாத்தி.

15/ நாலாவது, ஒரு நேரத்துல ஒரே ஒரு சொல். "முட்டியை மடக்கு, இடுப்பை இறக்கு, கையை நீட்டு"ன்னு மூணும் கத்தினா பிள்ளை உறைஞ்சு நிக்கும். உடம்பைப் பத்திச் சொல்றதை விட வெளிய இருக்கிறதைச் சொன்னா சீக்கிரம் புரியும். "முட்டியை மடக்கு"ன்னு சொல்லாம "தரையைப் பின்னால தள்ளு"ன்னு சொல்லிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

16/ அஞ்சாவது, சுவத்துல ஒரு கோடு. 3 மாசத்துக்கு ஒரு தடவை உயரத்தைச் சாக்பீஸால குறிச்சு தேதி போடுங்க. ஒரு பிள்ளை திடீர்னு வளர்ந்திருந்தா அந்தக் காலத்துக்குத் தாவலையும் ஓட்டத்தையும் குறைச்சு, பேலன்ஸ், பிடி, ஆட்ட நுணுக்கத்தைக் கூட்டுங்க. ஒரே வகுப்புல இருக்கிற ரெண்டு 13 வயசுப் பிள்ளைகளோட உடம்பு வயசுல 3 வருஷம்கூட வித்தியாசம் இருக்கலாம்.

17/ அந்தப் பையன் பயிற்சியை நிறுத்தல. குறைச்சுக்கிட்டான். புடைப்பு இன்னும் இருக்கு, அது போகாமலே இருக்கலாம், தொந்தரவு இல்லை. குறுவட்டத்துல ஆடினான். அணி ரெண்டாவது ஆட்டத்துல தோத்துடுச்சு. பி.டி. சார் போன்ல சொன்னது: "தோத்துட்டோம் சார், ஆனா எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போனாங்க."

18/ ஒரு பெரியவங்க எதைப் பார்க்கிறாங்கங்கிறதுல ஒரு பிள்ளையோட வாழ்க்கை மாறும். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு சின்ன வயசுல விபத்துல கால் பாதிக்கப்பட்டவர். அவரை உயரம் தாண்டச் சொன்னது பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2025-ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அவரோட முட்டி வலிக்கு யாராவது என்னை மாதிரி சீட்டு எழுதியிருந்தா?

19/ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போ: ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலி, அடிபடாமலே வீக்கம், கூடவே காய்ச்சல், நொண்டி நடக்கிறது, முட்டி பூட்டின மாதிரி நின்னுடுறது, "டப்"னு சத்தம் கேட்டு உடனே வீங்குறது. இதுல எது இருந்தாலும் "வளர்ற வலி"ன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க.

20/ அந்தப் பொண்ணு திரும்ப ஆட வரல. அம்மாகிட்ட பேசினேன், அவகிட்டயும் பேசினேன். "பத்தாவது வந்துட்டேன் சார்"னு சிரிச்சா. அதுக்கு மேல என்கிட்ட பதில் இல்லை.

21/ அதனால உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளையை விளையாட வேண்டாம்னு எந்த டாக்டர் சொன்னாலும் (நானே சொன்னாலும்) எழுந்து வர்றதுக்கு முன்னாடி கேளுங்க: "எப்போ திரும்ப ஆடலாம் சார்? அதுவரைக்கும் என்ன பயிற்சி செய்யலாம்?" பதிலைச் சீட்டுல தேதியோட எழுதி வாங்குங்க. நான் இப்போ கேட்காமலே எழுதிக் கொடுக்கிறேன்.